ஆற்றுக்கொரு பை, அம்மனுக்கொரு பை

என் தம்பி மோகனசுந்தரத்துக்கு இருபத்தேழு இடத்தில் பெண் பார்த்து இருபத்தேழும் தட்டிப்போனதற்குக் காரணம் ஜாதகம் என்று எங்கள் ஜோசியர் சொல்கிறார். சுத்தப் பொய். காரணம் புண்ணாக்கு. கடலைப் புண்ணாக்கு, ராகி மாவு, கள்ளுப் பானையின் அடியில் தங்குகிற மண்டி, இந்த மூன்றையும் பிசைந்து இரண்டு நாள் மூடிவைத்தால் ஒரு வாசம் வரும். வாசம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். அதைக் கையில் பூசிக்கொண்டு போகிறவனுக்கு எந்த ஊரில் பெண் கொடுப்பார்கள்?

நான் மருதாத்தாள், அவனுக்கு ஆறு வயது மூத்தவள். பிறந்த ஊரிலேயே கட்டிக்கொடுத்துவிட்டதால் அவன் தோட்டமும் என் வீடும் கூப்பிடு தூரம். அப்பா அம்மா இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நான்கு ஏக்கர் தென்னை, இரண்டு எருமை, தோட்டத்துக்குள்ளேயே குடியிருக்கிற சாளை வீடு, தோட்டம் முடிகிற இடத்தில் சித்தூர்ப்புழை ஆறு, இவ்வளவும் அவனுக்கு. எங்கள் ஊர் கேரள எல்லைக்குள் என்பதால் தென்னையில் பாதியைக் கள்ளுக்கு விட்டிருக்கிறான். ஒரு சொட்டு வாயில் வைக்கமாட்டான். மண்டி மட்டும் வேண்டும் அவனுக்கு. மரமேறுகிறவரிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கி வைத்துக்கொள்வான்.

நாற்பத்தொரு வயது. முடி இருக்கிறது, பல் இருக்கிறது, குணம் தங்கம். ஆனால் இந்தக் காலத்தில் தோட்டம் பார்க்கிறவனுக்குப் பெண் கிடைப்பது குதிரைக் கொம்பு. பெண்ணைப் பெற்றவர்கள் தோட்டம் வேண்டும் என்கிறார்கள், தோட்டத்தில் வேலை செய்கிற மாப்பிள்ளை வேண்டாம் என்கிறார்கள். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு பெண் நல்ல பெண். கோயமுத்தூரில் குடியிருக்க வருவீர்களா என்று கேட்டாள். இந்த மடையன் பக்கத்தில் ஆறு இருக்கிறதா என்று கேட்டான். நொய்யல் இருக்கிறது என்றார்கள். அந்தச் சாக்கடையா என்று சிரித்துவிட்டான். அத்தோடு அந்தச் சம்பந்தம் போயிற்று. இன்னொரு வீட்டில் கேசரித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டிருக்கும்போது போனில் செய்தி வந்தது, ஆளியாறு அணையில் ஷட்டர் தூக்கிவிட்டார்கள், எங்கள் ஆறு பொங்கும் என்று. வாயில் கேசரியோடு எழுந்து நின்றான். எழுந்த மாப்பிள்ளையை எந்த வீட்டில் மறுபடி உட்காரச் சொல்வார்கள்?

ஊரில் எல்லாரும் ஆறு அடங்கிக் கிடக்கும்போது தூண்டில் போடுவார்கள். இவன் ஒருத்தன்தான் தண்ணீர் பொங்கி வரும்போது போவான். அவனுக்கு வேண்டியது மீசைக் கெண்டை. மலையாளத்துக்காரர்கள் கூரல் என்பார்கள். வாயோரத்தில் நான்கு மீசை, உடம்பு முழுக்க முறுக்கு. மேலே தண்ணீர் ஆளை அடித்துக்கொண்டு போகிற வேகத்தில் போனாலும், அடியில் பாறைகளுக்கு நடுவில் அவ்வளவு வேகம் இருக்காதாம். அங்கே அந்த மீன் தலையை எதிர்த் தண்ணீருக்கு நீட்டிக்கொண்டு மீசையால் தரையைத் தடவித் தடவித் தின்னுமாம். தலைக்கு மேலே கோழி பிரியாணியே மிதந்து போனாலும் நிமிர்ந்து பார்க்காதாம். ஆகவே இரை தரையில் கிடக்க வேண்டும். அசையாமல் கிடக்க வேண்டும். அந்தத் தண்ணீரில் எதுதான் அசையாமல் கிடக்கும்? இதுதான் என் தம்பியின் வாழ்க்கைப் பிரச்சினை. கல்யாணம் என் பிரச்சினை.

முதலில் மோட்டார் சைக்கிளின் பழைய ஸ்பார்க் பிளக்கைக் கட்டிப் போட்டுப் பார்த்தான். அது உருண்டு போய்ப் பாறை இடுக்கில் மாட்டிக்கொண்டது. ஊரிலிருந்த ஸ்பார்க் பிளக் எல்லாம் ஆற்றுக்குப் போன பிறகு ஈயத்தை உருக்கி அடையாகத் தட்டினான். அது உருளவில்லை, வழுக்கியது. அப்புறம் எதிர்த் தண்ணீரில் வீசிக் கயிற்றைக் கொஞ்சம் தொளதொளவென்று விட்டால் ஈயம் படுத்துக்கொள்ளும் என்று கண்டுபிடித்தான். கயிற்றை இழுத்துப் பிடித்தால் இரை எழும்பிவிடும், விட்டுப் பிடித்தால் முக்கால்வாசி அடங்கிவிடும், கால்வாசி அப்போதும் வழுக்கும். இதைக் கண்டுபிடித்த அன்றைக்கு என் வீட்டு வாசலில் வந்து குதித்தான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை, ஏனென்றால் அன்றைக்கு ஒரு பெண் வீட்டார் மாப்பிள்ளை பார்க்க வந்து தோட்டத்தில் ஆளில்லாமல் திரும்பிப் போயிருந்தார்கள்.

கடைசியில் வந்தது பொட்டலம். மீனைக் கூட்ட வேண்டுமென்றால் முதலில் அதே இடத்தில் கொஞ்சம் தீனி கொட்ட வேண்டும். மேலேயிருந்து கொட்டினால் அது அடுத்த ஊருக்குப் போய்விடும். அதனால் பூவரச இலையில் புண்ணாக்கு உருண்டையையும் ஒரு கூழாங்கல்லையும் வைத்து வாழைநாரால் சுருக்குப் போட்டுக் கட்டி, ஒரு கயிற்றில் தொங்கவிட்டு இறக்குவான். கல் நேரே தரைக்குக் கொண்டுபோகும். தரை தட்டியதும் கயிற்றை ஒரு சுண்டு சுண்டினால் சுருக்கு அவிழும், தீனி அங்கேயே கொட்டும். பிறகு தூண்டில் இரையை அதே இடத்துக்கு அனுப்புவான். பொட்டலத்தைக் கட்டுகிற அழகைப் பார்க்க வேண்டுமே. கல்யாண வீட்டுத் தாம்பூலம் தோற்றுப்போகும்.

இப்படியிருக்கும்போதுதான் இருபத்தெட்டாவது பெண் வந்தது. வேலந்தாவளம் அனுப்பிரியா. வயது முப்பத்தாறு. கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில், செய்து வருகிற சாமான்களின் தரம் பார்த்துத் தள்ளுகிற வேலை. மூல நட்சத்திரம். பெண் மூலம் நிர்மூலம் என்று சொல்லிச் சொல்லியே அந்தப் பிள்ளையை வீட்டில் உட்காரவைத்துவிட்டார்கள். மாமனாருக்கு ஆகாதாம். எங்கள் வீட்டில்தான் மாமனாரே இல்லையே! செத்துப்போன அப்பாவால் முதல் தடவையாக ஒரு உபகாரம் நடந்தது என்று நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

பெண் பார்க்கப் போகிற அன்று அவனை எலுமிச்சம்பழம் தேய்த்து, சீயக்காய் தேய்த்து, புளி தேய்த்துக் குளிக்க வைத்தேன். பித்தளைக் குடமாக இருந்தால் பளபளவென்று ஆகியிருக்கும். இவன் காபியை வாங்கக் கையை நீட்டியதும் அந்தப் பெண் மூக்கைச் சுருக்கினாள். அவள் அம்மா வள்ளியாத்தாள் முகம் கறுத்தது. கள்ளு வாசம்! மாப்பிள்ளை குடிகாரன் என்று அந்த அம்மாள் முடிவு கட்டுவது எனக்குக் கண்ணுக்குத் தெரிந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பெண், குடித்த வாசம் இப்படி இருக்காதே, இது எதையோ புளிக்க வைத்த வாசம் அல்லவா, என்ன அது என்று அவனிடமே கேட்டுவிட்டாள்.

கேட்டாளா, போச்சு. நாற்பது நிமிஷம். எதிர்த் தண்ணீர், ஸ்பார்க் பிளக், தட்டின ஈயம், பொட்டலம் எல்லாம் சொன்னான். என் வீட்டுக்காரர் குப்பண்ணன் மேலே மின்விசிறி சுற்றுவதை எண்ணிக்கொண்டிருந்தார். நான் அவன் காலை மிதித்தேன். தவறி வள்ளியாத்தாள் காலை மிதித்துவிட்டேன். அந்தப் பெண் மட்டும் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். எல்லாம் முடிந்ததும் சொன்னாள்.

“ஈயத்தைத் தட்டுனா மட்டும் பத்தாதுங்க. அடியில கோடு கோடாக் கீறி உடுங்க. பாறையில புடிப்பு வரும், வழுக்காது.”

என் தம்பி அவளைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். பத்து வருஷமாக அவன் மண்டையை உடைத்துக்கொண்ட விஷயம் அது. அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. இந்தப் பெண் இல்லையென்றால் இவனுக்கு இந்த ஜென்மத்தில் வேறு பெண் இல்லை என்று அப்போதே தெரிந்துபோயிற்று.

பெண்ணுக்குச் சம்மதம். பையனுக்குச் சம்மதத்துக்கும் மேலே. ஆனால் வள்ளியாத்தாள் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். பூவாக்குக் கேட்காமல் முடிக்கமாட்டாராம். எங்கள் பக்கத்து வழக்கம்தான் அது. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், இரண்டையும் அம்மன் காலடியில் வைத்து ஒன்றை எடுப்பது. வெள்ளை வந்தால் அம்மன் உத்தரவு. சிவப்பு வந்தால் அந்தப் பேச்சை அத்தோடு விட்டுவிட வேண்டும். ஏற்கெனவே இரண்டு இடம் கூடிவந்து இரண்டு தடவையும் சிவப்பு வந்ததாம். மூன்றாவது தடவையும் கேட்டுத்தான் ஆக வேண்டும், இல்லையென்றால் பங்காளிகள் வாயை மூட முடியாது என்றார் அந்த அம்மாள். ஆற்றங்கரை மாகாளியம்மன் கோவில், வெள்ளிக்கிழமை, பொட்டலம் கட்டுவது மாப்பிள்ளையின் அக்கா, எடுப்பது பெண்ணின் அம்மா என்று பேச்சானது.

அந்த ஒரு வாரம் என் தம்பி தரையில் நடக்கவில்லை. எருமைகளுக்கு இரண்டு தடவை தண்ணீர் காட்டினான், மூன்று தடவை தீனி வைத்தான். எருமைகளுக்கே சலித்துப்போய்விட்டது. தினமும் சவரம். ஈயத்தில் கோடு கீறிக் கீறிப் பார்த்து, காலை ஐந்து மணிக்கு எனக்குப் போன் போட்டு, “அக்கா, நிக்குது! அசையாம நிக்குது!” என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவான். எது நிற்கிறது என்று என் வீட்டுக்காரர் கேட்பார். கிரகம் நிற்கிறது, படுத்துத் தூங்குங்கள் என்பேன். ஆனால் மனசுக்குள் எனக்கும் கிறுகிறுப்புத்தான். கல்யாணத்துக்கு என்ன சேலை எடுப்பது என்றுகூட யோசித்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை விடியற்காலை அவன் சாளையில் உட்கார்ந்து பூப்பொட்டலம் கட்டினேன். இலைக்கும் நாருக்கும் எங்கே போவது? அவன் முந்தின நாள் அறுத்து வைத்திருந்த பூவரச இலை அங்கேயே குவியலாகக் கிடந்தது, வாழைநாரும் கிடந்தது. நந்தியாவட்டையை வைத்து ஒரு பொட்டலம் கட்டினேன். அடுத்த இலையில் செவ்வரளியை வைத்தேன். வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மனுக்கு ஆயிரம் வேலை. அந்த அவசரத்தில் சிவப்பைத் தள்ளிவிட்டுவிட்டால்? பதினோரு வருஷம் நான் ஏறி இறங்கின வீட்டுப் படிகளை எல்லாம் அம்மனா ஏறி இறங்கினாள்? செவ்வரளியை எடுத்து எருமைக்கு எட்டாத இடமாகப் பார்த்து வெளியே எறிந்தேன். அந்த இலையிலும் நந்தியாவட்டையையே வைத்துக் கட்டினேன். இரண்டும் வெள்ளை. தப்புத்தான். அக்காவாக இருந்து பாருங்கள், அப்புறம் பேசுங்கள்.

இரண்டையும் ஒரு மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு நானும் என் வீட்டுக்காரரும் தம்பியின் வண்டியில் ஏறினோம். பின் சீட்டில் இன்னொரு மஞ்சப்பை கிடந்தது. அதே ஜவுளிக்கடை, அதே பை. என்ன இது என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றான். முந்தின நாள் ஆளியாற்றில் தண்ணீர் திறந்திருந்தது எனக்குத் தெரியும். இன்றைக்கு ஆற்றுப் பக்கம் தலை வைத்துப் படுக்கக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தேன். படுக்கத்தானே கூடாது, உட்காரலாம் என்று நினைத்திருப்பான் போல.

பெண் வீட்டார் வந்து சேரும்போது பத்தரை. பஸ் கிடைக்கவில்லையாம். வள்ளியாத்தாளும் அனுப்பிரியாவும் மட்டும் வந்திருந்தார்கள். பூசாரி அப்புசாமி மணியைப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். ராகு காலம் பிறந்துவிட்டது, பன்னிரண்டு வரைக்கும் உட்காருங்கள் என்றார். ஒன்றரை மணி நேரம்! கோவிலுக்குப் பின்னால் ஆறு இரைந்துகொண்டிருக்கிறது. அவன் தன் பையையும் வண்டியில் விடாமல் என் பைக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து வைத்திருந்தான். நான் வள்ளியாத்தாளிடம் தேங்காய் வெட்டுக் கூலியைப் பற்றியும் அவருடைய முழங்கால் வலியைப் பற்றியும் மாற்றி மாற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் தம்பியைக் காணோம், ஒரு மஞ்சப்பையையும் காணோம். எங்கே மாப்பிள்ளை என்று வள்ளியாத்தாள் கேட்டார். கைகால் கழுவப் போயிருக்கிறான் என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லையே.

பன்னிரண்டு அடித்ததும் அப்புசாமி நடையைத் திறந்து சூடம் காட்டினார். அம்மிணி, பையைக் குடு என்று கையை நீட்டினார். நான் என் பக்கத்திலிருந்த பையைக் கொடுத்தேன். அவர் உள்ளே கையை விட்டு இரண்டு பொட்டலத்தை எடுத்தார், கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார், மெச்சிக்கொண்டார்.

“காத்துல பறக்காம இருக்கக் கல்லு வெச்சுக் கட்டீருக்கறயா? கெட்டிக்காரி.”

எனக்கு உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரைக்கும் வேர்த்துவிட்டது. நான் எங்கே கல் வைத்தேன்? சொல்லவும் முடியவில்லை, மெல்லவும் முடியவில்லை. அப்புசாமி அவற்றை அம்மன் காலடியில் வைத்து, சிவப்புத் துணியால் மூடி, மூன்று தடவை இடம் மாற்றி வைத்தார். வள்ளியாத்தாள் கண்ணை மூடி முணுமுணுத்துக்கொண்டே முன்னால் போனார். அந்த அம்மாளின் கை நடுங்குவதைப் பார்த்தேன். தாயே மாகாளி, ஒரு நிமிஷம் கரண்ட் போகட்டும் என்று வேண்டினேன். பட்டப்பகலில் கரண்ட் போய் என்ன ஆகப்போகிறது? அந்த நேரத்தில் புத்தி அவ்வளவுதான் வேலை செய்தது.

வள்ளியாத்தாள் ஒன்றை எடுத்தார். சுருக்கு நாரை இழுத்ததும் பொட்டலம் தானாக விரிந்தது. அதற்குத்தானே அவன் அப்படிக் கட்டுகிறான்! உள்ளே ஒரு கூழாங்கல், எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு புண்ணாக்கு உருண்டை. கள்ளு மண்டி வாசம் கருவறை முழுக்க எழும்பியது. கள்ளுப் படையல் கேட்கிற கருப்பராயன் சந்நிதியாக இருந்தாலாவது அவர் சந்தோஷப்பட்டிருப்பார். சூடத் தட்டோடு நின்ற அப்புசாமி தும்மினார், சூடம் அணைந்துவிட்டது.

வெள்ளையும் இல்லை, சிவப்பும் இல்லை, புண்ணாக்கு வந்தால் என்ன அர்த்தம் என்று யாருக்கும் தெரியவில்லை. அந்தக் கோவிலில் இதற்கு முன் அப்படி வந்ததில்லை. இதென்ன அம்மிணி என்று வள்ளியாத்தாள் என்னைப் பார்த்தார். அனுப்பிரியா உருண்டையைக் கையில் வாங்கி முகர்ந்து பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், தோள் மட்டும் குலுங்கியது. என் வீட்டுக்காரர் இருபது வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தார். எனக்கு மட்டும் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. பை மாறிவிட்டது, பூப்பொட்டலம் வேறொரு பையில் இருக்கிறது, இதோ வந்துவிடும் என்று உளறினேன். மாறின பை எங்கே இருக்கிறது என்று அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன். ஆற்றில் இருக்கிறது. என் தம்பி கையில் இருக்கிறது.

அந்த நேரத்தில் அவனே படியேறி வந்தான். பட்டு வேட்டி முழங்கால் வரைக்கும் நனைந்து ஒட்டியிருந்தது. கையில் மஞ்சப்பை. ஓடிப்போய்ப் பையைப் பிடித்தேன். கொடுடா, அம்மன் முன்னால் வைக்க வேண்டும், நேரமாகிறது என்று காதுக்குள் சொன்னேன். அவன் பையை விடவில்லை. என்னைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்துவிட்டது, தீனி எடுக்கப் போன இடத்தில் பிரித்துப் பார்த்திருக்கிறான், இரண்டையும் பார்த்திருக்கிறான். வேண்டாம்டா, சொல்லாதேடா என்று கண்ணாலேயே கெஞ்சினேன். அவன் என்னைத் தாண்டிப் போய் வள்ளியாத்தாள் முன்னால் நின்று, பையிலிருந்த இரண்டு பொட்டலத்தையும் எடுத்துப் பிரித்து வைத்தான்.

“இதுல ரெண்டும் வெள்ளைங்க. செகப்பே இல்லீங்க. எங்கக்கா என்ற மேல இருக்கற பிரியத்துல கட்டிப்போட்டுது. அதைத் திட்டாதீங்க. வேற கட்டி வெச்சுக் கேளுங்க.”

எனக்கு அவனை அங்கேயே பிடித்து ஆற்றில் தள்ளிவிடலாம் போலிருந்தது. பதினோரு வருஷம், இருபத்தெட்டு வீடு, எத்தனை கோவில், எத்தனை ஜோசியர்! எல்லாவற்றையும் இவன் ஒரே வாயில் அவிழ்த்துக் கொட்டிவிட்டான். அவமானத்தில் நிமிர முடியவில்லை. அம்மனையே ஏமாற்றின குடும்பத்தில் எந்தத் தாய் பெண் கொடுப்பாள்? முடிந்தது என்று நினைத்தேன். அனுப்பிரியாவின் முகத்தில் இருந்த சிரிப்பும் போய்விட்டது. அவள் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வள்ளியாத்தாள் மெதுவாகக் கேட்டார், அப்படியென்றால் என் பெண் வேண்டுமென்ற ஆசை உனக்கு இல்லையா என்று.

“நெம்ப ஆசைங்க,” என்றான். “அதனாலதானுங்க சொல்றன். தரையில கொண்டுபோய் வெக்கற வரைக்குந்தானுங்க நம்ம வேலை. எடுக்கறதும் உடறதும் அதோட இஷ்டமுங்க. ஏமாத்தி இழுத்தா அது புடிச்சதுல சேத்தியில்லீங்க.”

பெண் கேட்க வந்த இடத்தில் பெண்ணைக் கெண்டையாக்கிவிட்டான்! பேச்சைப் பார், நேரத்தைப் பார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

வள்ளியாத்தாள் நடைப்படியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையை எடுத்து, அதிலிருந்து வெற்றிலையை எடுத்துக் கீழே வைத்தார், பாக்கை எடுத்து வைத்தார். பிறகு நசுங்கிப்போன இரண்டு இலைப் பொட்டலங்களை எடுத்து என் கையில் கொடுத்தார். பிரித்துப் பார் என்று தலையை அசைத்தார்.

ஒன்றைப் பிரித்தேன். வெள்ளை. மற்றதைப் பிரித்தேன். அதுவும் வெள்ளை.

“துணிக்குள்ள கைய உடும்போது மாத்தி வெச்சுரலாம்னு கொண்டாந்தன் அம்மிணி,” என்றார் அந்த அம்மாள். “மூணாவது தடவையும் செகப்பு வந்துட்டா எம்புள்ள மூஞ்சிய நான் எப்படிப் பாக்கறது? கை நடுங்குச்சு. மாத்த முடியல.”

“அம்மா!” என்றாள் அனுப்பிரியா. நான் அந்த அம்மாள் பக்கத்தில் போய்ப் படியில் உட்கார்ந்துகொண்டேன். இரண்டு பேரும் ஒருத்தர் கையை ஒருத்தர் பிடித்துக்கொண்டோம். எங்கள் இரண்டு பேரையும் அப்புசாமி முறைத்தார். நாலு பொட்டலமும் வெள்ளை, இதில் அம்மனிடம் கேட்க என்னத்தை மிச்சம் வைத்தீர்கள் என்று சத்தம் போட்டார். போட்டுவிட்டு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு வந்ததும் அவரால் நிறுத்த முடியவில்லை, தூணைப் பிடித்துக்கொண்டார். அதைப் பார்த்து வள்ளியாத்தாள் சிரித்தார், கண்ணீரும் சிரிப்புமாக. பிறகு நான். கோவிலுக்குக் கும்பிட வந்தவர்கள் வாசலிலேயே நின்று பார்த்தார்கள்.

சிரிக்காமல் நின்றது அந்த இரண்டு பேர்தான். அனுப்பிரியா நான்கு இலையிலிருந்த பூவையும் பார்த்தாள், ஈர வேட்டியோடு நிற்கிறவனையும் பார்த்தாள். பிறகு அவனிடம் கேட்டாள்.

“நெசமாவே கட்டி வெச்சுக் கேட்டு, செகப்பு வந்திருந்தா என்ன பண்ணீருப்பீங்க?”

“அடுத்த வெள்ளிக்கெழமை வந்து மறுபடி கேட்டிருப்பனுங்க.”

“அன்னைக்கும் செகப்பு வந்தா?”

அவன் கொஞ்சம் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான், கணக்குப் போடுகிற மாதிரி.

“வருசத்துக்கு அம்பத்திரண்டு வெள்ளிக்கெழமை வருதுங்க,” என்றான்.

அந்தப் பெண் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். வள்ளியாத்தாள் எழுந்து, இலையிலிருந்த நந்தியாவட்டையில் ஒன்றை எடுத்து மகளின் தலையில் வைத்தார். இன்னொன்றை எடுத்து, காதில் வைத்துக்கொள் என்று என் தம்பியிடம் நீட்டினார். அவன் நீட்டின கையில், தூண்டிலுக்கென்று தனியாகக் கொண்டுபோன புண்ணாக்கு அப்பியிருந்தது. பதினோரு வருஷமாக அவன் வாயைத் திறந்தாலே சம்பந்தம் கெட்டுப்போகும். அன்றைக்கு அவன் சொன்ன பதிலைக் கேட்டுவிட்டு நான் அம்மன் முன்னால் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.